ஆம்புலன்ஸுக்கு யார் காசு கட்டுறது: வரியா, சந்தாவா, கட்டணமா?

போன மாசம் சிங்கப்பூர்ல எங்க புளோக்ல ஒரு பாட்டிக்கு ராத்திரி நெஞ்ச அடைக்குற மாதிரி இருந்திருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க அவசர ஆம்புலன்ஸ் நம்பர் 995 அடிக்கிறேன்னு சொன்னதுக்கு "வேணாம்மா, 274 வெள்ளி கேப்பாங்க"ன்னு விடியற வரைக்கும் ஒக்காந்தே இருந்துருக்காங்க. அந்த 274 வெள்ளி, ஆஸ்பத்திரி டாக்டர் பாத்துட்டு இது அவசரக் கேஸ் இல்லன்னு சொன்னாதான். உண்மையான அவசரத்துக்கு, 995 அடிச்சா வர்ற குடிமைத் தற்காப்புப் படை வண்டிக்கு காசே கிடையாது, எல்லாம் நம்ம வரிப்பணம். இது கூட தெரியாம ஒரு உயிர் ஊசலாடிட்டு இருந்துச்சேன்னு எனக்கு தூக்கமே வரல.

மத்த ஊர்ல எப்படின்னு பாத்தா, ஆஸ்திரேலியால விக்டோரியா மாநிலத்துல சந்தா முறை. வருஷத்துக்கு ஒரு தொகை கட்டிட்டா வண்டி ஃப்ரீ, கட்டாம விட்டா ஒரு தடவை போனாலே பில்லு ஆயிரம் டாலரத் தாண்டிடும். பென்ஷன் கார்டு வச்சிருக்கவங்களுக்கு விலக்கு உண்டு, ஆனா மறந்து போய் சந்தாவ புதுப்பிக்காத ஆள் கதி? குவீன்ஸ்லாந்து வேற வழில போச்சு, 2003ல இருந்து கரண்ட் பில்லோட சேத்து வசூல் பண்ணி, 2011ல அத நிறுத்திட்டாங்க, அங்க குடியிருக்கவங்களுக்கு இப்பவும் வண்டி ஃப்ரீதான். அந்த கரண்ட் பில் முறைல எல்லாரும் கட்டுனதால யாரும் விடுபடல, அதனால சந்தாவ விட அது எவ்வளவோ மேல், ஆனா பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே தொகைங்கறது எனக்கு மனசுக்கு ஒப்பல.

ஓடுற ட்ரிப்புக்கு மட்டும் கட்டணம்னா? ஆம்புலன்ஸோட பெரிய செலவு ஓடுறதுல இல்ல, காத்திருக்குறதுல. ஃபோனே வராத ராத்திரியிலயும் பாராமெடிக் முழிச்சிருக்கணும், வண்டி ரெடியா நிக்கணும், அவங்க சம்பளம் ட்ரிப் கணக்குல வராது. தெங்கா மாதிரி இப்பதான் குடி வர்ற டவுனுல கட்டணத்த நம்பி இருந்தா, ஆளுங்க நிறைய சேந்து ட்ரிப் கூடுனாதான் வண்டி வரும், அதுவரைக்கும் பக்கத்து டவுன்ல இருந்து ஓடி வரணும். வரிப்பணம்னாதான் ஆளுக்கு முன்னாடியே வண்டிய கொண்டு போய் நிறுத்தலாம். பத்துல எட்டு அவசரத்துக்காவது 11 நிமிஷத்துக்குள்ள போய்டணும்னு இங்க இலக்கு வச்சிருக்காங்க, அதுக்கு வண்டி கிட்டத்துல நிக்கணும்ல.

ஆனா அவசரம் இல்லாத பயணத்துக்கு, டயாலிசிஸ், செக்கப், அதுக்கெல்லாம் 1777 அடிச்சா தனியார் வண்டி வரும், காசு நம்மதான் கட்டணும், அது எனக்கு சரியாத்தான் படுது, இல்லன்னா 995 வண்டி அதுலயே மாட்டிக்கும். அதுலயும் படுத்த படுக்கையா கெடக்குற வசதியில்லாதவங்கள மட்டும் அப்படி விட முடியாது, வாரத்துக்கு மூணு தடவ டயாலிசிஸ் போறவங்களுக்கு போக வர கட்டணமே குடும்பத்த முழுங்கிடும், வரிப்பணத்துல இன்னும் கொஞ்சம் எடுக்கணும்னா நான் மொதல்ல அங்கதான் குடுப்பேன்.

பாட்டிய காலைல அவங்க பையன் டாக்ஸில கூட்டிட்டுப் போனாரு, வார்டுல சேத்துட்டாங்க, இப்ப தேறி வர்றாங்க.