ஹெலன் ஹெய்ன்ஸின் இண்டி பிரசாரம்: ஒரு வாக்காளரின் ரிவ்யூ

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஹோட்டலுக்கும் மிக்சிக்கும் ரிவ்யூ எழுதுகிறோம், மூன்று வருடம் நம் சார்பில் நாடாளுமன்றத்தில் உட்காரப்போகிறவரின் பிரசாரத்துக்கு ஏன் எழுதக் கூடாது என்று தோன்றியது, எழுதுகிறேன்.

நான் இருப்பது வொடோங்காவில். ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தின் வடகிழக்கு ஓரம், முர்ரே ஆற்றுக்கு இந்தக் கரை. பாலம் தாண்டினால் ஆல்பரி, அது நியூ சவுத் வேல்ஸ். எங்கள் நாடாளுமன்றத் தொகுதியின் பெயர் இண்டி, எம்.பி. ஹெலன் ஹெய்ன்ஸ், எந்தக் கட்சியும் சேராத சுயேச்சை. குடியுரிமை கிடைத்த பிறகு என் முதல் ஓட்டு 2022ல், அடுத்தது 2025ல். இரண்டாவது தடவை ஹெய்ன்ஸ் பிரசாரத்தின் ஆரஞ்சு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு வாக்குச்சாவடி வாசலில், எப்படி ஓட்டுப் போடுவது என்று சொல்லும் சீட்டு கொடுக்கவும் நின்றேன். அதனால் இது வெளியில் நின்று பார்த்தவன் எழுதியது இல்லை, அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

நான் இதற்குள் வந்தது ஒரு சாப்பாட்டு மேசை வழியாக. பக்கத்துத் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், சனிக்கிழமை சாயங்காலம் டீ குடிக்க வாருங்கள், பத்துப் பேர் சேர்ந்து நம் ஊரைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று கூப்பிட்டார். கட்சிக் கூட்டமாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனேன். அங்கே வேட்பாளரும் இல்லை, நோட்டீசும் இல்லை. நல்ல ஊர் என்றால் உங்களுக்கு எப்படி இருக்க வேண்டும், உங்கள் எம்.பி. எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும், இப்போது உங்களுக்குப் பெரிய கவலை எது என்று மூன்று நான்கு கேள்விகள். ஒவ்வொருவரும் முறை வைத்துப் பேச வேண்டும், மற்றவர்கள் குறுக்கே மறுத்துப் பேசக் கூடாது, ஒருவர் குறிப்பு எடுப்பார். என் முறை வந்தபோது, பக்கத்தில் இருக்கும் யாக்கண்டாண்டா என்ற ஊருக்குப் போகும் வழியில் டயர் பஞ்சராகி நின்ற இரவைச் சொன்னேன். போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை, மனைவியும் குழந்தையும் காருக்குள்ளே, ஒரு மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த மாட்டுப்பண்ணைக்காரர் ஒருவர்தான் இறங்கி உதவினார். சில வாரம் கழித்துத் தொகுத்த குறிப்பு எல்லோருக்கும் வந்தது. அதில் என் பெயர் இல்லை, ஆனால் நான் சொன்னது அப்படியே இருந்தது. இதற்கு முன்னால் வேறு ஊரில் குடியிருந்தபோது ஒரு எம்.பி. அலுவலகத்துக்கு இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் ஒரே அச்சடித்த பதிலை வாங்கியவன் நான். அந்தக் குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இந்த மேசைப் பேச்சு ஹெய்ன்ஸுக்கு முன்பே தொடங்கிய பழக்கம். இண்டி அதுவரை பல பத்தாண்டுகளாக பழமைவாதக் கட்சிகளின் கோட்டையாக இருந்தது. இங்கே ஜெயிப்பது நிச்சயம் என்று ஒரு கட்சிக்குத் தெரியும், ஜெயிக்கவே முடியாது என்று இன்னொரு கட்சிக்குத் தெரியும், அதனால் இரண்டு பேருமே தொகுதியைக் கண்டுகொள்வதில்லை என்பதுதான் அப்போது மக்களின் குறை. 2012ல் கொஞ்சம் பேர் சேர்ந்து ‘வாய்சஸ் ஃபார் இண்டி’ என்ற அமைப்பைத் தொடங்கி, வீடு வீடாக, கஃபே கஃபேயாக 55 உரையாடல்கள் நடத்தினார்கள், சுமார் 425 பேர் பேசினார்கள். ரயில் சரியில்லை, போன் சிக்னல் இல்லை, இன்டர்நெட் மெதுவு, பிள்ளைகள் படிக்கப் போனால் திரும்பி வருவதில்லை. பேசியதைத் தொகுத்து அப்போதைய லிபரல் கட்சி எம்.பி. சோஃபி மிராபெல்லாவிடமும் கொடுத்தார்கள். அதன் பிறகுதான் கேத்தி மெகாவன் சுயேச்சையாக நின்றார். 2013 தேர்தலில் முதல் விருப்ப வாக்குகளில் மிராபெல்லாதான் முன்னால் இருந்தார். ஆனால் இங்கே வேட்பாளர்கள் எல்லோருக்கும் 1, 2, 3 என்று எண் போட வேண்டும், கடைசியில் இருப்பவர்களை நீக்க நீக்க அவர்களின் ஓட்டு அடுத்த விருப்பத்துக்குப் போகும். அப்படி எண்ணி முடித்தபோது மெகாவன் 439 வாக்கில் ஜெயித்தார். நாடு முழுக்க ஆட்சி மாறி லிபரல் கூட்டணி வந்த அதே தேர்தலில், அந்தக் கட்சி கையில் இருந்த இந்தத் தொகுதியை இழந்தது.

2019ல் மெகாவன் விலகியபோது அந்த இடத்துக்கு நின்றவர் ஹெலன் ஹெய்ன்ஸ். நர்ஸாகவும் மருத்துவச்சியாகவும் வேலை பார்த்தவர், பிறகு ஆய்வாளர். ஒரு சுயேச்சை விட்ட ஃபெடரல் தொகுதியை இன்னொரு சுயேச்சை வாங்கியது இந்த நாட்டில் அதுதான் முதல் தடவை. 2022லும் 2025லும் மறுபடி ஜெயித்தார்.

சரி, பிரசாரத்தின் சரக்கு என்ன? ஊர் விஷயத்தை ஊர்க்காரர்களே முடிவு செய்ய வேண்டும் என்பது எல்லா வேட்பாளரும் சொல்வதுதான். ஹெய்ன்ஸ் சொல்லும்போது நான் நம்பியதற்குக் காரணம் யாக்கண்டாண்டாவில் இருக்கும் ஒரு பெட்ரோல் பங்க்.

வொடோங்காவிலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சுமார் 2,000 பேர் இருக்கும் பழைய தங்கச் சுரங்க ஊர், இங்கே எல்லோரும் ‘யாக்’ என்றுதான் கூப்பிடுவார்கள். 2002 வாக்கில் அந்த ஊரின் ஒரே பங்க் மூடும் நிலைமைக்கு வந்தது. பெட்ரோலுக்குப் பக்கத்து ஊர் போகிறவர் மளிகையையும் அங்கேயே வாங்கிக்கொண்டு வந்துவிடுவார், அப்புறம் ஊர்க் கடைகள் ஒவ்வொன்றாகப் படுத்துவிடும், இது ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. ஆளுக்குக் கொஞ்சம் பங்கு போட்டு ஒரு கம்பெனி தொடங்கி அந்தப் பெட்ரோல் பங்கைத் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அது ஊருக்குச் சொந்தமாக ஓடுகிறது, லாபத்தில் ஒரு பகுதி ஊர் வேலைகளுக்கே திரும்பிப் போகிறது. நான் அந்தப் பக்கம் போனால் டேங்க் பாதி இருந்தாலும் அங்கே நிறுத்திவிடுவேன். போட்ட காசு அதே தெருவிலேயே சுற்றும் என்று தெரிந்து பெட்ரோல் போடுவது தனி நிறைவு.

அதே ஊர் 2014ல் அடுத்த படி எடுத்தது. ஊருக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் 2022க்குள் சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க வழிகளில் எடுக்க வேண்டும் என்று ஒரு தன்னார்வக் குழு இலக்கு வைத்தது. வீட்டுக் கூரைகளில் சோலார், சில தெருக்களில் வீடுகளைச் சேர்த்துச் சின்ன மின்வலை, 2021ல் ஒரு பழைய மர அறுவை ஆலையில் 274 கிலோவாட் மணி அளவுள்ள ஊர்ப் பொது பேட்டரி. காட்டுத்தீ வந்தால் மின்கம்பி முதலில் போகும் நிலப்பரப்பு இது. 2009 பிப்ரவரி தீ அந்த ஊருக்குப் பக்கம் வரை வந்தது, 2019-20 கோடைத் தீயில் இதே தொகுதியின் கோரியாங் ஊர் மின்சாரம் இல்லாமல் தனித்து நின்றது. வெளியிலிருந்து பார்த்தால் சுற்றுச்சூழல் ஆர்வம் மாதிரி தெரியும், இங்கே இருப்பவர்களுக்கு அது இருட்டில் மாட்டிக்கொள்ளாமல் இருக்கும் வழி.

ஹெய்ன்ஸின் ‘லோக்கல் பவர் பிளான்’ இந்த அனுபவத்திலிருந்து எழுந்தது. நாடு முழுக்க 50 உள்ளூர் மையங்கள் வைத்து, யாக் மாதிரி ஊர்களுக்குப் பொறியாளர், வக்கீல், கணக்காளர் உதவியைக் கொடுப்பது ஒன்று. தன்னார்வலர்கள் வார இறுதியில் உட்கார்ந்து கிரிட் இணைப்பு விண்ணப்பம் நிரப்பிச் சலித்துப் போவதைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். இன்னொன்று, புதிதாக வரும் பெரிய சோலார், காற்றாலைத் திட்டங்களில் 20 சதவீதப் பங்கை உள்ளூர் மக்களுக்கு முதலீடு செய்யக் கொடுத்தே ஆக வேண்டும் என்பது. பிரசாரத் துண்டறிக்கையில் நிற்காமல் 2021 பிப்ரவரியில் இதை மசோதாவாக நாடாளுமன்றத்தில் வைத்தார். சுயேச்சை எம்.பி. ஒருவர் சட்டம் எழுதிக் கையோடு கொண்டு போனதுதான் எனக்குப் பெரிய விஷயம்.

மசோதா நிறைவேறவில்லை. அந்த ஒரு நட்சத்திரம் இங்கேதான் குறைகிறது, இதைப் பிரசாரத்தில் இன்னும் வெளிப்படையாகச் சொல்லியிருக்கலாம். ஆட்சியில் இருக்கும் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்தால் சுயேச்சையால் கேள்வி கேட்க முடியும், விடாமல் துரத்த முடியும், முடிவெடுக்க முடியாது. ஆல்பரி-வொடோங்காவுக்குப் புதிய இடத்தில் ஒரே புது மருத்துவமனை வேண்டும் என்று இரண்டு கரை மக்களும் கேட்டார்கள், அவரும் கூடவே நின்று கேட்டார். இரண்டு மாநில அரசுகளும் 2022ல் ஆல்பரியில் இருப்பதையே விரிவாக்குவது என்று தீர்மானித்துவிட்டன. ரயிலும் அப்படித்தான், 2021 கடைசியில் ஆல்பரி பாதையில் புது வண்டிகள் ஓடத் தொடங்கியதற்கு மெகாவனும் ஹெய்ன்ஸும் கொடுத்த அழுத்தம் ஒரு காரணம், ஆனால் வண்டி விட்டது மாநிலம். சீட்டு கொடுக்க நின்ற அன்று ஒரு விவசாயி, உங்கள் அம்மாவால் எது நடந்தது என்று நேராகவே கேட்டார். எனக்கு அரைகுறையாகத்தான் பதில் வந்தது, அது இன்னும் உறுத்துகிறது.

இன்னொரு சிக்கல், தொகுதிக்குள்ளேயே டெடராங்கில் பெரிய பேட்டரி, மெடோ க்ரீக்கில் பெரிய சோலார் பண்ணை என்று திட்டங்கள் வர, அக்கம்பக்கத்தில் எதிர்ப்பு பலமாக இருக்கிறது. தீப்பிடித்தால் யார் அணைப்பது என்று கேட்கிறவருக்கு 20 சதவீதப் பங்கு பதில் ஆகாது. உள்ளூர்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்னால் அதையும் கேட்பதுதான் உள்ளூர் உரிமை என்று நான் நினைக்கிறேன், அந்த இடத்தில் பிரசாரம் இன்னும் திடமாகப் பேச வேண்டும்.

மற்றபடி நடைமுறை நன்றாக இருந்தது. தொண்டர்களுக்குக் கொடுத்த பயிற்சியில் முதல் விதி, எதிர் வேட்பாளரைப் பற்றித் தரக்குறைவாக ஒரு வார்த்தை பேசக் கூடாது. வாசலில் வேறு கட்சித் தொண்டர்களோடு சேர்ந்து நின்று சாசேஜ் ரொட்டி சாப்பிட்டோம், நான் சைவம் என்றதும் நீல டீ-ஷர்ட் போட்ட பெரியவர் ஒருவர் போய் வெங்காயம் மட்டும் வைத்து வாங்கி வந்து கொடுத்தார். என் உச்சரிப்பைக் கேட்டு யாரும் ஒதுக்கவில்லை. ஆனால் மேசையைச் சுற்றி என்னைப் போல வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் மிகக் குறைவு. ஷிஃப்ட் வேலை பார்க்கிறவர்களுக்குச் சனிக்கிழமை சாயங்காலம் ஒத்துவராது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

ஆல்பரி-வொடோங்கா பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள், முக்கியமாக ஆஸ்பத்திரி வேலைக்காரர்கள், அடுத்த சுற்று மேசைக்கு எங்கள் வீட்டுக்கு வரலாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு வைக்கலாம் என்று இருக்கிறேன், இட்லி சாம்பார் உண்டு. ஹெய்ன்ஸுக்கு ஓட்டுப் போடாதவர்களும் வாருங்கள்.