குளிர்கால ஓடையில் தூண்டில்: டிரவுட்டா, பாஸா?

மேல்பகுதியில் டிரவுட் மீன், கீழே அகன்று ஓடும் பகுதியில் பாஸ் மீன் என்று இரண்டும் வாழும் ஓடைகள் நிறைய உண்டு. கோடையில் எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது கடிக்கும். குளிர்காலத்தில் தவறான பக்கம் போனால் விரல் விறைத்ததுதான் மிச்சம். எங்கே போவது என்பதை வெப்பமானியைப் பார்த்து முடிவெடுங்கள். தண்ணீர் 4 முதல் 10 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் டிரவுட் பக்கம். 7 டிகிரிக்கு மேல் இரண்டு மூன்று நாளாக இறங்காமல் நின்றால் பாஸையும் யோசிக்கலாம். 4க்குக் கீழே இரண்டுமே கடினம். அப்போதும் ஒரு மீனாவது கிடைக்க வாய்ப்புள்ளது டிரவுட்டிடம்தான்.

இரண்டும் குளிர் ரத்த மீன்கள் என்பதால் தண்ணீர் குளிரக் குளிர செரிமானம் மந்தமாகும். ஆனால் மந்தமாகும் அளவு ஒன்றல்ல. டிரவுட் சால்மன் குடும்பத்து மீன். 10 முதல் 16 டிகிரியில் நன்றாக மேயும், 4 டிகிரியிலும் எதிரே மிதந்து வரும் பூச்சியை விடாது. பாஸ் சன்ஃபிஷ் குடும்பம். அதற்குப் பிடித்தது 20 டிகிரிக்கு மேல். 10க்குக் கீழே சோம்பும், 5க்குக் கீழே ஏறக்குறைய அசையாமல் கிடக்கும். ஒருமுறை தின்றது செரிக்கவே நாட்கணக்கில் ஆவதால் அதற்கு அடுத்த வேளைக்கு அவசரமே இல்லை.

வெப்பமானியை ஓடும் நீரில், நிழலில், இரண்டு நிமிடம் வைத்துப் பாருங்கள். போனவுடன் ஒருமுறை, நடுப்பகலில் ஒருமுறை. எண்ணைவிட அது போகும் திசை முக்கியம். 5லிருந்து 6க்கு ஏறும் தண்ணீரில், 8லிருந்து 6க்கு இறங்கிய தண்ணீரைவிட நன்றாகக் கடிக்கும். பொதுவாக முற்பகல் பத்து மணிக்கு மேல் மூன்று மணி வரைதான் நல்ல நேரம். கரையில் பனி கிடக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு தலைகீழாகலாம்: வெயில் ஏறப் பனி உருகி ஓடைக்குள் இறங்கி, பிற்பகலில் தண்ணீரைக் குளிர்வித்துவிடும். அப்படிப்பட்ட நாளில் உச்சி வேளைக்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

எங்கே கிடக்கும்

ஆழத்தில் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், அதனால் மீன் அங்கே போகிறது என்று பலர் சொல்வார்கள். உறைந்த ஏரிக்கு அது பொருந்தும். 4 டிகிரியில்தான் தண்ணீரின் அடர்த்தி அதிகம் என்பதால் அந்த நீர் அடியில் தங்கும். ஓடும் ஓடையில் நீர் புரண்டு கலந்துகொண்டே இருப்பதால் மேலும் கீழும் வெப்பம் கிட்டத்தட்ட ஒன்றுதான். மீன் மடுவின் அடிக்குப் போவது அங்கே நீரோட்டம் மெதுவாக இருப்பதால், எதிர்நீச்சலுக்குச் செலவாகும் சக்தி மிச்சமாவதால். இதைப் புரிந்துகொண்டால் ஆழமே இல்லாத, ஆனால் நீர் அடங்கி ஓடும் உள்வளைவுகளும் கண்ணில் படும். விதிவிலக்கு ஊற்றுநீர். நிலத்தடியிலிருந்து வரும் நீர் ஆண்டு முழுவதும் அநேகமாக ஒரே வெப்பத்தில் இருக்கும். சுற்றிலும் உறைந்திருக்க ஓரிடம் மட்டும் பனிக்கட்டி இல்லாமல் பச்சைச் செடியோடு இருந்தால், அதற்குக் கீழே முதலில் தூண்டில் போடுங்கள்.

டிரவுட் ஓடை நெடுகப் பரவிக் கிடக்கும். வேக நீர் வந்து மடுவில் இறங்கி அடங்கும் இடம், வேகமும் மெதுவும் உரசும் கோடு, மடுவின் வால்பகுதி, இடுப்பளவு ஆழம் இருந்தாலே போதும். ஓரிடத்தில் கடிக்கவில்லை என்றால் நூறடி நடந்து அடுத்ததைப் பார்க்கலாம்.

பாஸ் விஷயத்தில் அப்படி நடக்க முடியாது. ஸ்மால்மவுத் பாஸ் இலையுதிர் காலத்தில் தண்ணீர் குளிர ஆரம்பித்ததும் ஆழமற்ற பகுதிகளை விட்டுவிட்டுக் கீழ்நோக்கி இறங்கி, ஆழமான மடுக்களில் கூட்டமாகத் தங்கும். சிலவேளை பல கிலோமீட்டர் தள்ளிப் பெரிய ஆற்றுக்கே போய்விடும். கோடையில் முழங்கால் தண்ணீரில் பத்து பாஸ் பிடித்த இடத்தில் குளிர்காலத்தில் ஒன்றுகூட இருக்காது. பாஸுக்குப் போய் ஏமாந்து திரும்புவதற்கு முதல் காரணம் இதுதான். தூண்டிலைக் குறை சொல்லிப் பயனில்லை. தேட வேண்டியது குறைந்தது இரண்டு மீட்டர் ஆழம், அடியில் பெரிய பாறைகள் அல்லது விழுந்த மரம், வெள்ளம் வந்தாலும் நேராக அடித்துப் போகாத ஒதுக்கு. இந்த மூன்றும் சேர்ந்த மடு ஒன்று தெரிந்திருந்தால் பாஸுக்குப் போங்கள். பாஸின் இன்னொரு வகையான லார்ஜ்மவுத் இன்னும் மந்தமான நீரை விரும்பும். ஓடையின் கிளைத் தேக்கங்களில்தான் பார்க்க வேண்டும்.

டிரவுட்டுக்கு: நிம்ஃபா, ஸ்பின்னரா, புழுவா

6 டிகிரிக்குக் கீழே, நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போல முள்ளில் கட்டிய செயற்கை இரையான நிம்ஃபுக்கு நிகரில்லை. குளிரில் டிரவுட் இரைக்காக ஓர் அடிக்கு மேல் நகர விரும்பாது. அதன் வாய்க்கு நேராக, நீரின் வேகத்திலேயே, அடியை ஒட்டி எது போகிறதோ அதைத் தின்னும். குளிர்காலத்திலும் ஓடையில் நிறைய இருப்பவை மிட்ஜ் என்னும் கொசு போன்ற சிறு பூச்சியின் புழுக்களும் கல்லடிப் பூச்சிகளின் (ஸ்டோன்ஃப்ளை) இளம்பருவமும். அதனால் டங்ஸ்டன் மணி வைத்த 10ஆம் எண் ஸ்டோன்ஃப்ளை நிம்ஃப் ஒன்று, அதிலிருந்து 40 செ.மீ. தள்ளி 18 அல்லது 20ஆம் எண் மிட்ஜ் ஒன்று என்று கட்டுங்கள். எண் கூடக் கூட முள் சிறிதாகும். முனை நரம்பு 5எக்ஸ், அதாவது 0.15 மி.மீ. தெள்ளத் தெளிந்த நீரில் அதைவிட மெல்லிய 6எக்ஸ். தக்கையை ஆழத்தைப் போல ஒன்றரை மடங்கு மேலே வையுங்கள்.

சரியாகப் போகிறதா என்று பார்க்க நீர்மேல் மிதக்கும் நுரைக்குமிழ்களைக் கவனியுங்கள். அடிநீர் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். தக்கை குமிழ்களோடு சமமாகப் போனால் நிம்ஃப் நடுநீரில் தொங்குகிறது, மீன் அதற்குக் கீழே இருக்கிறது என்று பொருள். தக்கை குமிழ்களைவிடச் சற்றுப் பின்தங்கினால் அடியைத் தொட்டு வருகிறது. பின்தங்கும் வரை 0.2 கிராம் ஈயக்குண்டு ஒவ்வொன்றாக, மேல் நிம்ஃபுக்கு ஒரு சாண் மேலே சேருங்கள். நாலைந்து வீச்சுக்கு ஒருமுறை கல்லில் தட்டினால் எடை சரி. ஒவ்வொரு வீச்சிலும் சிக்கினால் ஒரு குண்டைக் கழற்றுங்கள். நிம்ஃபை மாற்றுவதற்கு முன் எடையை மாற்றிப் பாருங்கள். குளிர்காலத்தில் வெறுங்கையோடு திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு இடத்தில்தான் தவறுகிறார்கள்.

தகடு சுழலும் இரையான ஸ்பின்னர் 6, 7 டிகிரிக்கு மேல் நன்றாக வேலை செய்யும், கொஞ்சம் கலங்கிய நீரில் நிம்ஃபையே முந்தும். 0 அல்லது 1ஆம் எண், 2 முதல் 4 கிராம். சிக்கல் என்னவென்றால், தகடு சுழல வேகம் வேண்டும். குளிர்ந்த மீனுக்கோ வேகம் ஆகாது. நீரோட்டத்துக்கு எதிரே வீசினால் வேகமாகச் சுற்றி இழுக்க வேண்டியிருக்கும். குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசி, நரம்பை இறுக்கமாக வைத்தால் நீரே தகட்டைச் சுழற்றும். ரீலை மெல்லத் திருப்பினால் போதும். மீன் பின்னாலேயே வந்து கடைசியில் திரும்பிப் போனால் அது இன்னும் மெதுவாகக் கேட்கிறது. அப்போது நிம்ஃபுக்கு மாறிவிடுங்கள்.

புழுவும் மீன்முட்டையும் கடிக்க வைக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் குளிரில் மீன் மெதுவாக வாயில் வாங்கி விழுங்குவதால், கடித்தது கைக்குத் தெரிவதற்குள் முள் தொண்டையில் இருக்கும். எடுத்துப் போய்ச் சமைக்க அனுமதி உள்ள இடத்தில் சரி. திரும்ப விட நினைத்தால் புழு வேண்டாம். தொண்டையில் மாட்டிவிட்டால் பிடுங்காமல் நரம்பை வாயருகே வெட்டிவிடுங்கள். பிடித்து விட்டுவிட வேண்டும் என்ற விதியுள்ள பகுதிகளில் இயற்கை இரைக்குப் பொதுவாகத் தடையே இருக்கும். உரிமமும் பருவ விதியும் ஓடைக்கு ஓடை மாறும் என்பதால் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

பாஸுக்கு: முடி ஜிக்கா, நெட் ரிக்கா, ஜெர்க்பெய்ட்டா

முதலிடம் முடி ஜிக்குக்கு. ஜிக் என்பது எடைத் தலை கொண்ட முள். மாரபூ என்னும் மென்மையான இறகோ மான்வால் முடியோ கட்டிய 2 முதல் 3.5 கிராம் ஜிக், கருப்பு அல்லது பழுப்பு நிறம். தூண்டிலை அசைக்காமல் வைத்திருந்தாலும் முடி தானாக அலையும், குளிரில் விறைக்கவும் செய்யாது. பாறைக்கு அப்பால் வீசி, அடியைத் தொடும் வரை விட்டு, ஒரு சாண் நகர்த்தி, பத்து வரை எண்ணுங்கள். பிறகு மறுபடி ஒரு சாண். கடி என்று பளிச்சென எதுவும் தெரியாது. நனைந்த இலை ஒட்டியது போல நரம்பு கனக்கும். சந்தேகம் வந்தால் மெல்லத் தூக்குங்கள், வெட்டி இழுக்காதீர்கள்.

நெட் ரிக் கிட்டத்தட்ட அதற்குச் சமம், பழகுவதற்கு அதைவிட எளிது. காளான் தலை ஜிக் முள்ளில் ஏழு எட்டு செ.மீ. ரப்பர் குச்சி ஒன்று, அவ்வளவுதான். சாதாரண மென்பிளாஸ்டிக் குளிரில் விறைத்துக் கட்டையாகிவிடும். டிபிஇ எனப்படும் நன்றாக நீளும் வகை ரப்பர் அவ்வளவாக விறைக்காது, மிதக்கவும் செய்வதால் தலை அடியில் ஊன்ற வால் நிமிர்ந்து நிற்கும். டிபிஇயைச் சாதாரண பிளாஸ்டிக் இரைகளோடு ஒரே பெட்டியில் போட்டால் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும், தனியாக வையுங்கள்.

சுண்டி இழுத்தால் துள்ளி, விட்டால் நடுநீரில் நிற்கும் மீன்வடிவ இரையான ஜெர்க்பெய்ட் பெரிய மீனுக்கு. 7 டிகிரிக்கு மேல், நீர் தெளிவாக இருக்கும்போது மட்டும் எடுங்கள். இரண்டு சிறு சுண்டு, பிறகு பதினைந்து இருபது நொடி சும்மா விடுங்கள். கடிப்பது அந்த நிறுத்தத்தில்தான். கோடையில் அசையாமல் நின்ற அதே ஜெர்க்பெய்ட் குளிர்காலத்தில் மெல்ல மேலே எழும்பும், ஏனென்றால் குளிர்ந்த நீர் அடர்த்தி கூடியது. முன் முள் தொங்கும் இடத்தில் மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றி, கரையோரத்தில் விட்டுப் பார்த்து, நிற்கிறது என்று உறுதியான பிறகே வீசுங்கள்.

இரண்டு மீனும் கலந்து வாழும் மடுவில் ஒரே ஏற்பாடு வேண்டுமென்றால், தக்கைக்குக் கீழே ஒரு கிராம் முடி ஜிக் தொங்கவிடுங்கள், அடிக்கு ஓரடி மேலே நிற்கும்படி. சிற்றலையே ஜிக்கை ஆட்டிக்கொள்ளும். மடு நான்கு மீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால் நிலைத்தக்கையோடு வீசுவது சிரமம். அங்கே வழுக்கும் தக்கையும் அதற்கொரு தடைமுடிச்சும் தேவை.

நரம்பும் பனியும்

டிரவுட்டுக்கு ஆறரை அடி மென்கோல், 4 பவுண்டு தாங்கும் நரம்பு. பாஸுக்கு ஏழடி கோல், 6 முதல் 8 பவுண்டு ஃப்ளோரோகார்பன் நரம்பு. பின்னல் நரம்பு உறைநிலைக்குக் கீழே வேண்டாம்; நீரை உறிஞ்சிக் கோலின் வளையங்களில் உறைந்துபோகும். வளையம் உறைவதில் ஸ்பின்னர்தான் மோசம், ஓயாமல் ஈர நரம்பை இழுப்பதால். நிம்ஃபில் நரம்பின் நீளம் அதிகம் மாறாது, பனியும் குறைவு. உதட்டு மெழுகைத் தடவினால் சிறிது நேரம் தாங்கும். உறைந்துவிட்டால் கோல் முனையைத் தண்ணீரில் முக்கிக் கரையுங்கள்; விரலால் உடைத்தால் வளையத்தின் உள்பீங்கானும் சேர்ந்து போகும்.

விடுவதிலும் வித்தியாசம்

பாஸைக் கீழுதட்டில் கட்டைவிரல் கொடுத்துப் பிடிக்கலாம். டிரவுட்டை அப்படிப் பிடிக்கக் கூடாது. கையுறையைக் கழற்றி, கையை நனைத்து, ரப்பர் வலையில் தண்ணீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். காற்று உறைநிலைக்குக் கீழே இருந்தால் செவுளும் கண்ணும் நொடிகளில் பனிபிடிக்கும். இரண்டுக்குமே இது பொருந்தும், படம் எடுக்கத் தூக்க வேண்டாம்.

பிரௌன், ப்ரூக் டிரவுட் இலையுதிர் காலத்தில் முட்டையிடும். குளிர்காலம் முழுக்க முட்டைகள் சரளைக்குள் இருக்கும். சுற்றியுள்ள கற்களைவிட வெளிறிச் சுத்தமாகத் தெரியும் நீள்வட்டத் திட்டின் மேல் காலை வைக்காதீர்கள், சுற்றிப் போங்கள். பாஸ் மடுவுக்கு வேறொரு கவலை: ஓடையின் பெரும்பகுதி பாஸ் அந்த ஒரே குழியில் இருக்கும். வாரம் தவறாமல் அதையே அடித்து மீன்களை எடுத்துப் போனால் அடுத்த கோடையில் பல கிலோமீட்டர் ஓடை காலியாகத் தெரியும். ஆகவே குளிர்காலப் பாஸ் அனைத்தையும் விட்டுவிடுங்கள், மூன்று நான்கு கிடைத்ததும் மடுவை விட்டு நகருங்கள்.