கரியமில வாயுவைப் புதைத்தாச்சு, கண்காணிப்பது எப்படி?

கரியமில வாயுவைப் பூமிக்கடியில் செலுத்துவது பழகிய வேலை. போன வாயு அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் இழுபறி.

படத்தின் தெளிவு என்று பார்த்தால் நில அதிர்வலை ஆய்வை, அதாவது அலைகளைக் கீழே அனுப்பி எதிரொலியைப் படமாக்கும் முறையை, அடித்துக்கொள்ள ஆளில்லை. நார்வேயின் ஸ்லெய்ப்னரில் 1996 முதல் வட கடலின் அடியில் உள்ள மணற்கல்லுக்குள் வாயுவைச் செலுத்துகிறார்கள். அதற்கு முன்பே, 1994இல், ஒரு படம் எடுத்துவைத்திருந்தார்கள். 1999இல் மறுபடி எடுத்தால், வாயு ஒன்பது அடுக்காகப் பரவி மணற்கல்லின் உச்சியைத் தொட்டிருந்தது. இடையில் இருந்த களிக்கல் ஏடுகள் பலவும் சுமார் ஒரு மீட்டர் கனம்தான் இருக்கும்; பழைய படத்தில் அவை சரியாகத் தெரியவே இல்லை. அடியில் வாயு தேங்கியதும் எதிரொலி பளிச்சென்று வந்து காட்டிக்கொடுத்துவிட்டது. என்ன, ஒவ்வொரு முறையும் கப்பலை அனுப்ப வேண்டும். செலவு அதிகம், இடைவெளியும் அதிகம்.

செயற்கைக்கோள் ரேடாருக்கு அந்தத் தொல்லை இல்லை. வாயு செலுத்திய அல்ஜீரியாவின் இன் சாலாவில் தரை ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் உயர்ந்ததை விண்ணிலிருந்தே அளந்தார்கள். ஒரு கிணற்றின் மேல் மட்டும் வீக்கம் இரண்டு மடலாக இருந்தது. கீழே விரிசல் திறந்திருக்குமோ என்ற சந்தேகத்துக்கு அது வலு சேர்த்தது. 2011இல் வாயு செலுத்துவதை நிறுத்தினார்கள். ஆனால் அது மொட்டைப் பாலைவனம். பயிர்நிலத்தில் இந்த முறை தடுமாறும், கடலில் எடுபடாது.

சரி, ஏஐ? வாயு எங்கே நகரும், அழுத்தம் எவ்வளவு ஏறும் என்று கணிக்க வழக்கமான கணினி மாதிரிகளுக்கு நிறைய நேரம் பிடிக்கும். ஸ்டான்ஃபோர்டு குழு 2023இல் வெளியிட்ட நரம்பியல் வலைப்பின்னல் என்ற ஏஐ மாதிரி அவற்றைவிட ஏறக்குறைய 7 லட்சம் மடங்கு வேகம். ஒரே இடத்துக்கு ஆயிரக்கணக்கான சாத்தியங்களை ஓட்டிப் பார்க்கலாம். திட்டங்களைப் பெருக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் அது பாடம் படித்ததே அந்தப் பழைய மாதிரிகளிடம்தான். மாதிரியில் இல்லாத பாறையை அதுவும் அறியாது. நார்வேயின் ஸ்னோவிட்டில் 2008இல் வாயு செலுத்தத் தொடங்கிய பிறகு அழுத்தம் எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறி, 2011இல் வேறு பாறை அடுக்குக்கு மாற வேண்டியதாயிற்று. அங்கே முதலில் எச்சரித்தது கிணற்றுக்குள் இருந்த அழுத்தமானி.

என்னைக் கேட்டால், கடலடித் திட்டத்தில் முதல் அதிர்வலைப் படத்திலும் அழுத்தமானியிலும் கஞ்சத்தனம் கூடாது. ஏஐயை வைத்து மிச்சம் பிடிப்பதென்றால் அடுத்தடுத்த படங்களின் எண்ணிக்கையில் பிடிக்கலாம்: கணிப்பும் அழுத்தமானியும் ஒத்துப்போகும்வரை கப்பல் காத்திருக்கட்டும், முரண்பட்டால் உடனே கிளம்பட்டும்.