ஹா லாங் சுற்றுலாவில் 2,480 சிங்கப்பூர் வெள்ளி போனது: நீங்களாவது ஏமாறாதீர்கள்

நேற்று இரவுதான் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் வந்து இறங்கினோம். தூக்கம் வரவில்லை. பள்ளி விடுமுறைக்கு வியட்நாம் போக யாராவது பணம் கட்டக் காத்திருந்தால், முதலில் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. நெய்வேலி முதல் சுரங்கத்தில் 33 வருடம் வேலை பார்த்தவர். எங்களோடு தங்க வந்திருக்கிறார். செந்தோசா எல்லாம் காட்டியாகிவிட்டது. ஒருநாள் அவரே கேட்டார்: "வியட்நாம்ல கடலை ஒட்டியே நிலக்கரி வெட்டுற ஊர் ஒண்ணு இருக்காமே, அதைப் பாக்க முடியுமாம்மா?" அப்பா வாய்விட்டு ஒன்றைக் கேட்பதே அபூர்வம்.

அந்த ஊர்தான் ஹா லாங். நமக்கெல்லாம் அது கடலுக்குள் நிற்கும் சுண்ணாம்புக்கல் தீவுகள், 1994இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த விரிகுடா. அப்பாவுக்கு அது ஆந்த்ரசைட், உயர்ரக நிலக்கரி. "நம்மூர்ல எடுக்கிறது பழுப்பு நிலக்கரி, பாதிக்குப் பாதி ஈரம். அங்க எடுக்கிறது கல்லு மாதிரி இறுகி, கறுப்பா மின்னும்" என்று என் மகனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். 1888இல் பிரெஞ்சுக்காரர்கள் கம்பெனி தொடங்கித் தோண்டியது, 1936 நவம்பர் 12 அன்று பக்கத்திலுள்ள காம் ஃபாவில் தொடங்கிய வேலைநிறுத்தத்தில் 30,000 பேருக்கு மேல் இறங்கியது என்று எல்லாவற்றையும் தேடிப் படித்து வைத்திருந்தார். தொழிற்சங்கத்தில் இருந்தவர், அதனால் அந்தத் தேதியை மட்டும் இரண்டு மூன்று தடவை சொன்னார்.

சமூக ஊடகத்தில் குடும்பச் சுற்றுலா விற்கும் ஒருவரிடம்தான் மாட்டினேன். பெயர் சொல்லப் போவதில்லை. அலுவலகம் கிடையாது, கைப்பேசி எண் மட்டும்தான். நல்ல தமிழ். லிட்டில் இந்தியாவில், தேக்காவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சந்திக்கலாம் என்றார், அப்பாவையும் கூட்டிப் போனேன். அப்பா நெய்வேலி என்று சொன்னதுமே அந்த ஆள் எழுந்து நின்றார். "எங்க பெரியப்பாவும் நெய்வேலிதான் ஐயா, ரெண்டாவது சுரங்கம்" என்றார். அப்பாவின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இங்கு வந்து அவர் அத்தனை பேசி நான் பார்த்ததில்லை. எந்த வட்டத்தில் வீடு, எந்த ஷிப்டு என்று அரை மணி நேரம் ஓடியது. கிளம்பும்போது அந்த ஆள் அப்பாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். அங்கேயே, டீ ஆறுவதற்குள், கைப்பேசியிலேயே பணம் அனுப்பும் பேநவ்வில் 2,480 வெள்ளியையும் மொத்தமாக அனுப்பினேன். ரசீதுகூடக் கேட்கவில்லை.

2,480 வெள்ளி, மூன்று பேருக்கு. விமானச் சீட்டு தனி. ஹனோய் விமான நிலையத்திலிருந்து தனி வண்டி, விரிகுடாவில் ஓர் இரவு சொகுசுப் படகு, அப்பாவுக்குச் சைவச் சாப்பாடு, ஹா லாங்கிலுள்ள குவாங் நின் மாநில அருங்காட்சியகத்தில் வழிகாட்டி, காம் ஃபாவில் திறந்தவெளிச் சுரங்கத்தைப் பார்க்க "ஸ்பெஷல் பர்மிட்" என்று அத்தனையும் வாட்ஸ்அப்பில் எழுதித் தந்தார். அப்பாவின் விசாவுக்கு மட்டும் 120 வெள்ளி எடுத்திருக்கிறார். வியட்நாம் அரசின் இணையத்தளத்தில் அதற்கு 25 அமெரிக்க டாலர்தான்.

ஹனோயில் எங்கள் பெயர் எழுதிய அட்டையோடு யாரும் நிற்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து வந்தது ஏற்கெனவே ஒன்பது பேர் உட்கார்ந்திருந்த வேன். துவான் சாவ் படகுத்துறையில் கவுண்டர்ப் பெண் கணினியைத் தேடிவிட்டுச் சொன்னாள்: முன்பதிவு இருந்தது, பணம் வராததால் மூன்று நாளுக்கு முன்பே ரத்தாகிவிட்டது. மார்ச் மாதத் தூறல், பனிமூட்டம், அப்பா பெட்டி மேல் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் பாய் சாய் பகுதியில் அறைக்கும் மறுநாள் பகல் படகுக்கும் கையிலிருந்து இன்னொரு 410 வெள்ளி. படகில் அப்பாவுக்குக் கிடைத்தது வெறும் சோறும் வெள்ளரிக்காயும்.

சுரங்க பர்மிட் என்றதும் விடுதிக்காரர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார். அருங்காட்சியகத்தை நினைத்தால்தான் இன்னும் வயிறு எரிகிறது. கடற்கரைச் சாலையில், நிலக்கரிக் கட்டிகளை அடுக்கியது போலக் கறுப்புக் கண்ணாடியில் கட்டியிருக்கிறார்கள். உள்ளே சுரங்கப் பாதை மாதிரியே அமைத்து வைத்திருக்கிறார்கள், அதற்காகத்தான் அப்பா வந்தார். திரும்பும் வழியில் வேன் ஓட்டுநர் "போட்டோ, பத்து நிமிடம்" என்றார். மற்றவர்களுக்கு விமானத்துக்கு நேரமாகிவிட்டது, காத்திருக்க மாட்டார்களாம். அப்பா அந்தக் கறுப்புச் சுவரில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, வாம்மா" என்று வந்து ஏறிக்கொண்டார். ஹனோய் வரை பேசவில்லை.

அந்த ஆளுக்குப் படகுத்துறையிலிருந்தே அழைத்தேன். "அக்கா, அது லோக்கல் பார்ட்னர் தப்பு, நான் பாத்துக்கிறேன்." மறுநாள், "மீட்டிங்ல இருக்கேன்க்கா." அதற்கடுத்த நாள், "14 வேலை நாள்ல ரீஃபண்ட் வரும்." நேற்று விமானம் ஏறும் முன், "நீங்கதான் லேட்டா போயிருக்கீங்க, படகு கிளம்பிடுச்சு." தம்பி, ரத்துச் செய்த தேதியே என் கையில் இருக்கிறது என்று படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. அப்புறம் என் எண்ணைத் தடுத்துவிட்டார். 2,480 வெள்ளி. வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "அந்தப் பெரியப்பாவாவது நிஜமா இருப்பாராம்மா?"

எல்லாவற்றையும் விரிவாக எழுதத்தான் நினைத்தேன், கை நடுங்குகிறது. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். பயண முகவர் யாராக இருந்தாலும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகத்தின் உரிமம் வேண்டும். அதை இணையத்தில் இரண்டு நிமிடத்தில் தேடிவிடலாம். நான் நேற்று இரவு தேடினேன், அவர் பெயர் இல்லை. முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். படகு நிறுவனத்துக்கே எழுதி, பணம் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். சந்தேகம் வந்தால் மோசடி பற்றிக் கேட்கும் உதவி எண் 1799க்கு அழையுங்கள். ஊர்க்காரர் என்பதற்காக நம்பாதீர்கள்.

காலையில் போலீசில் புகார் கொடுக்கப் போகிறேன், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம். மார்ச் மாதத்தில் இதே போலத் தேக்காவில் சந்தித்து, பேநவ்வில் கட்டிவிட்டு யாராவது இருந்தால், மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.