சம்பளச் சீட்டா, சேமிப்பா?

டர்பனில் இருக்கும் என் தங்கை லண்டனில் வேலை பார்க்கும் கணவரிடம் போய்ச் சேர வேண்டும். பிரிட்டனின் வாழ்க்கைத்துணை விசாவுக்குப் பணவசதியைக் காட்ட எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன.

ஒன்று மாப்பிள்ளையின் சம்பளம். 2024 ஏப்ரல் 11 முதல் வரம்பு ஆண்டுக்கு 29,000 பவுண்டு. ஒரே நிறுவனத்தில் ஆறு மாதம் முடித்திருந்தால், ஆறு மாதச் சம்பளச் சீட்டுகள், அதே மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கை, நிறுவனத்தின் கடிதம் ஆகியவை முக்கியம். சீட்டில் பிடித்தம் போகக் காட்டிய தொகையும் வங்கியில் விழுந்த தொகையும் பென்னி பிசகாமல் பொருந்துகின்றனவா என்று, சமையலறை மேசையில் தாள்களைப் பரப்பி, பென்சிலால் ஒவ்வொன்றாக டிக் போட்டுப் பார்த்தோம். அலுப்பான வேலைதான், ஆனால் நம் கைக்குள் இருக்கும் வேலை.

மற்றது சேமிப்பு. சம்பளமே காட்டாவிட்டால் 88,500 பவுண்டு, ஆறு மாதமும் குறையாமல் கணக்கில் இருக்க வேண்டும். கடன் வாங்கிய பணம் செல்லாது, அன்பளிப்பு செல்லும். டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கும் வீட்டை விற்றுத் தருகிறேன் என்றார் அப்பா. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. வீடு அவர் பெயரில் இருப்பதால், பணம் தங்கையின் கணக்குக்கு வந்த நாளிலிருந்துதான் ஆறு மாதத்தை எண்ண முடியும். பணத்தைத் தென்னாப்பிரிக்க நாணயமான ராண்டில் வைத்திருந்தால் விண்ணப்பிக்கும் நாளின் மாற்று விகிதமே கணக்கு. ராண்டு சரிந்தால் தொகையும் போதாமல் போகும். வேண்டாம் அப்பா என்று தடுத்துவிட்டேன்.