ஏற்காட்டில் விற்கும் ‘விக்கா’ பெட்டி: பொருள் பரவாயில்லை, புத்தகம் தேறாது

ஏற்காடு ஏரிப் பக்கத்துக் கடையொன்றில், யூகலிப்டஸ் தைலப் புட்டிகளோடு சேர்த்து ‘விக்கா தொடக்கப் பெட்டி’ என்று ஒன்றை விற்கிறார்கள். விக்கா என்பது இங்கிலாந்தில் உருவான நவீன சூனிய மதம்; அதன் சடங்குப் பொருள்கள்தான் பெட்டியில். விலை ₹1,850. உள்ளே ஒரு கத்தி, பித்தளைக் கிண்ணம், ஐந்துமுனை நட்சத்திரம் பதித்த தட்டு, சிவப்புக் கயிறு, நான்கு மெழுகுவத்தி, கல்லுப்பு, தூபப்பொடி, கரிவில்லை, 24 பக்கப் புத்தகம்.

புத்தகம் முதல் வரியிலேயே சறுக்குகிறது: ‘ஐயாயிரம் ஆண்டுப் பழமையான மதம்’. விக்காவுக்கு நூறு வயதுகூட ஆகவில்லை. அதை வெளியுலகுக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர் (1884–1964). இளம் வயதில் இலங்கைத் தோட்டத்தில் வேலை, பிறகு மலாயாவில் சுங்க அதிகாரி, 1936-ல் ஓய்வு. 1939-ல் இங்கிலாந்தின் நியூ ஃபாரஸ்ட் பகுதியில் ஒரு ரகசியக் குழு தனக்குத் தீட்சை கொடுத்ததாகச் சொன்னார். சூனியம் செய்வதாகச் சொல்லிக்கொள்வதைத் தண்டித்த 1735-ஆம் ஆண்டின் சூனியச் சட்டம் 1951-ல் ரத்தானது. அதன்பின் 1954-ல் கார்ட்னர் விக்காவைப் பற்றி வெளிப்படையாகவே எழுதினார். தொல்மதம் என்ற எண்ணத்துக்கு வலுவூட்டியவர் கல்கத்தாவில் பிறந்த எகிப்தியவியலாளர் மார்கரெட் மரே. சூனியக்காரர்கள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் ஒரு தொல்மதத்தைப் பின்பற்றியவர்கள் என்று அவர் 1921-ல் முன்வைத்த கருத்தை வரலாற்றாசிரியர்கள் பிறகு தள்ளிவிட்டார்கள். சடங்குகள் வந்த வழியே வேறு. மூன்று படித் தீட்சையில் ஃப்ரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தின் சாயல். கறுப்புப் பிடிக் கத்தி சாலமோன் அரசர் பெயரில் உலவிய மந்திரச் சுவடியிலிருந்து. சடங்கில் சொல்லும் பல வரிகள் ஆங்கில மந்திரவாதி அலெய்ஸ்டர் குரோலியுடையவை. 1953-ல் கார்ட்னர் குழுவில் சேர்ந்த டொரீன் வாலியன்டேதான் குரோலி வாடையைக் குறைத்து அவற்றைத் திருத்தி எழுதினார். அவர் பெயரே இந்தப் புத்தகத்தில் இல்லை என்பது பெரிய ஓட்டை.

சூனியக்காரர்கள் என்று ‘90 லட்சம் பேர் எரிக்கப்பட்டனர்’ எனப் புத்தகம் சொல்வதும் 18-ஆம் நூற்றாண்டில் ஒருவர் போட்ட தப்புக் கணக்கு. இன்றைய மதிப்பீடு சுமார் 40,000 முதல் 60,000. அட்டையில் ‘சேலம்’ என்று கொட்டை எழுத்தில் வேறு! அது நம்மூர் இல்லை, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் சேலம். அங்கே 1692-ல் சூனிய வழக்குகளில் தூக்கில் போட்டது 19 பேரை; கல்லேற்றி நசுக்கியது ஒருவரை. யாரையும் எரிக்கவில்லை. அவர்கள் விக்காக்காரர்களும் இல்லை.

பொருள்களில் கிண்ணம் கனமானது, நல்ல வார்ப்பு. கத்திதான் குழப்பம். ‘அதமே’ எனும் சடங்குக் கத்தி என்றால் பிடி கறுப்பாக, இருபுறமும் கூராக இருக்கவேண்டும். அந்தக் கத்தியால் எதையும் அறுப்பதில்லை, சடங்கு நடக்கும் வட்டம் வரைய மட்டும்தான். பெட்டியில் இருப்பது வெள்ளைப் பிடி, அதாவது மூலிகை அறுக்கும் ‘போலின்’. கயிறு 3 அடி. கார்ட்னர் வழி வட்டத்துக்கு விட்டம் 9 அடி. நடுவில் ஆணியடித்துச் சுற்ற நாலரை அடிக் கயிறு வேண்டும். இதை வைத்துச் சுற்றினால் 6 அடி வட்டம்தான் வரும், நான்கு பேர் நின்றாலே முழங்கை இடிக்கும்.

உப்பையும் கரிவில்லையையும் வெறும் காகிதத்தில் மடித்திருக்கிறார்கள். ஏற்காட்டு மூடுபனிக்கு உப்பு கசிந்து கரியும் நமத்துவிடும். பிறகு பற்றவைத்தால் புகைதான், தணல் பிடிக்காது. மூடி இறுக்கமான டப்பாவுக்கு உடனே மாற்றிவிடுங்கள். தட்டு மெல்லிய தகரம். வெள்ளிக் கொலுசுக்குப் பேர்போன செவ்வாய்ப்பேட்டை மலையடிவாரத்திலேயே இருக்க, அதற்குத் தகரம் எதற்கோ.

கிண்ணம் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கேட்டால் பிரித்துக் கொடுக்கிறார்கள், ₹600.