லோ-வோல்ற்றேஜ் கேர்னல்: ரெட்மி நோட் 4 இல் நீண்டகாலப் பாவனை அனுபவம்

பற்றரி இரண்டு மடங்கு நிற்கும் என்ற நினைப்பில் லோ-வோல்ற்றேஜ் கேர்னல் (புரொசெசருக்குப் போகும் வோல்ற்றேஜைக் குறைத்து வைக்கும், ஆண்ட்ரொயிட்டின் அடித்தள மென்பொருள்) போடப் போகிறீர்கள் என்றால், மினக்கெடாதீர்கள். போன் சூடாகக்கூடாது, கிழட்டுப் பற்றரியோடு இன்னும் கொஞ்சக் காலம் ஓட்ட வேண்டும் என்றால் தாராளமாகப் போடலாம். பல வருடமாக ஒரே போனில் பாவித்த பிறகு என் கணக்கு இதுதான்.

போன், 2017 இல் வந்த ரெட்மி நோட் 4, ஸ்னாப்டிராகன் 625 மொடல். 14 நானோமீற்றர் சிப், எட்டு ஏ53 கோர்கள், 4100 மில்லி அம்பியர் மணி பற்றரி. அந்த நாட்களில் கொழும்பு வெள்ளவத்தையில் எந்தக் கடையில் ஏறினாலும் இதற்குக் கவர் தொங்கும். புதிதில் கேர்னலைத் தொடாமலே ஒன்றரை நாள் தாராளமாக நின்றது. பிறகு 2022 வந்தது. 200 ரூபாயாக இருந்த டொலர் 360 வரை ஏற, புதுப் போன் என்ற கதையே வீட்டில் எடுபடவில்லை. மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லை. இருக்கிற போனை எப்படியாவது இழுக்க வேண்டும் என்றுதான் இதற்குள் இறங்கினேன்.

விஷயம் இவ்வளவுதான்: புரொசெசர் வேலை செய்யும்போது தின்னும் மின்சாரம் வோல்ற்றேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்கும். 0.90 வோல்ற்றில் ஓடுவதை 0.82 க்கு இறக்கினால், அதே வேகத்தில் அந்தச் செலவு ஏறக்குறைய 17 சதவீதம் குறையும். இப்படி இறக்க இடம் எங்கிருந்து வருகிறது என்றால், ஒரே மொடல் சிப் எல்லாம் ஒரே தரத்தில் வருவதில்லை. மோசமான சிப்பும் மோசமான வெயிலில் தடுமாறாமல் ஓட வேண்டும் என்று கொஞ்சம் கூட்டியே வைக்கிறார்கள். ஆனால் 625 இல் அந்தக் கூடுதலைத் தானாகவே சீவிவிடும் சுற்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. சி.பி.ஆர். என்பார்கள். அது விட்டுவைத்த மிச்சத்தில்தான் நாங்கள் கைவைக்கிறோம்.

நான் போட்ட கேர்னல் மூன்று ஸிப் கோப்பாகக் கிடைத்தது: சாதாரணம், மைனஸ் 40 மில்லிவோல்ற், மைனஸ் 80. விருப்பமானதை ரி.டபிள்யூ.ஆர்.பி. (போனின் மென்பொருளை மாற்றப் பாவிக்கும் தனி றிக்கவரி மெனு) வழியாக ஃபிளாஷ் பண்ண, அதாவது போனில் ஏற்ற, வேண்டியதுதான். மைனஸ் 80 என்னுடைய போனுக்கு ஒத்துவரவில்லை. கேம் விளையாடும்போது போன் நின்றுபோகும் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். என்னுடையது மேசையில் சும்மா கிடக்கும்போதுதான் றீஸ்டார்ட் ஆகும், அதுவும் விடியப்புறம். தூக்கத்திலிருந்து சடாரென்று வேகம் ஏறும் அந்த ஒரு கணத்தில் வோல்ற்றேஜ் போதாமல் போனாலே காரியம் முடிந்தது. பாரத்தை ஏற்றிச் சோதிக்கும் அப்புகள் இதைப் பிடித்துத் தரமாட்டா. இதே மொடல் வைத்திருக்கும் மச்சான் கொட்டாஞ்சேனையிலிருந்து எடுத்துச் சிரித்தான்: “என்ரையிலை எண்பது கல்லு மாதிரி நிக்குதடா, உனக்கு வாய்ச்ச சிப் அப்பிடி.” அவன் சொன்னது சரி. நான் மைனஸ் 40 க்குத் திரும்பினேன், அதற்குப் பிறகு ஒரு பிரச்சினையும் இல்லை.

சரி, பற்றரி? ஒரு நாள் முழுவதும் பாவித்தால் அரை மணித்தியாலம், மிஞ்சிப்போனால் முக்கால் மணித்தியாலம் கூட நின்றிருக்கும். அதுவும் நிச்சயமாகச் சொல்லமுடியாது, ஏனென்றால் ஒரு நாள் மாதிரி மற்ற நாள் இருப்பதில்லை. செலவில் பெரிய பங்கு திரைக்கும் சிக்னலுக்கும் போகிறது, இந்தக் கேர்னல் அந்த இரண்டையும் தொடுவதேயில்லை. மின்வெட்டுக் காலத்தில் இது வடிவாக விளங்கியது. கோபுரங்களின் பற்றரியும் இறங்க, சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு வரும். போன் சிக்னலைத் தேடித் தேடியே காலியாகும். அந்த நேரத்தில் டேட்டாவை நிறுத்தி 2ஜி இல் போட்டதுதான் உதவியது, மில்லிவோல்ற் அல்ல.

சூட்டில் வித்தியாசம் கையில் தெரிந்தது. மத்தியானம் காலி வீதியில் 101 பஸ்ஸில் நெரிபட்டுக்கொண்டு மேப் பார்த்தால் முன்பு பின்பக்கம் சரியான சூடு. இப்போது வெதுவெதுப்புதான்.

நான் எதிர்பார்க்காத நன்மை வேறொன்று. பழைய பற்றரியில் உள்தடை கூடிவிடும். திடீரென்று நிறையக் கரண்ட் இழுத்தால் அதன் வோல்ற்றேஜ் சரிந்து, 20 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்துவிடும். 2017 தொடக்கத்தில் அப்பிள் பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேற் ஒன்றில் குறைத்ததும், ஆண்டுக் கடைசியில் அதை ஒப்புக்கொண்டு வாங்கிக்கட்டியதும் இந்தக் காரணத்தால்தான். வேலை ஒன்றுதான், சொல்லாமல் செய்ததுதான் பிழை. நான் மைனஸ் 40 ஓடு, கூடிய வேகத்தை 2016 மெகாஹேர்ட்ஸிலிருந்து 1689 க்கு மட்டுப்படுத்தினேன். கமெராவைத் திறந்தவுடன் அணைகிற வியாதி நின்றது. வேகத்தைக் குறைத்தது தெரிகிறதா என்றால், வாட்ஸ்அப்புக்கும் யூடியூப்புக்கும் தெரியவில்லை. இரண்டில் எது கூட வேலை செய்தது என்று கேட்டால் வேகக் கட்டுப்பாடு என்றுதான் சொல்வேன். உச்ச வேகம் குறைந்தால் அதற்கான உச்ச வோல்ற்றேஜும் சேர்ந்தே இறங்குகிறது. இதற்குத் தனிக் கேர்னல்கூடத் தேவையில்லை, றூட்டும் (போனின் முழு நிர்வாக உரிமையைத் திறந்தெடுப்பது) ஒரு கேர்னல் மனேஜர் அப்பும் போதும்.

ஆனால் றூட் பண்ணினால் வங்கி அப் திறக்காது, றூட்டை மறைக்க, மஜிஸ்க் என்ற றூட் கருவியோடு மல்லுக்கட்ட வேண்டும். ஒவ்வொரு அப்டேற்றுக்கும் அந்தச் சண்டை திரும்ப வரும். நான் வங்கி வேலையை அம்மாவின் போனுக்கு மாற்றிவிட்டேன். இப்போது ஓ.ரி.பி. வந்தால் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டு இலக்கம் சொல்கிறா.

புதுப் போன்காரருக்கு ஒரு சொல்: ஸ்னாப்டிராகன் 845 இலிருந்து புரொசெசரின் வேகமும் வோல்ற்றேஜும் சிப்புக்குள் இருக்கும் தனி வன்பொருளின் கையில். கேர்னலில் ஓர் இலக்கத்தை மாற்றி இறக்குகிற வேலை அங்கே சரிவராது.

பிறகு புறக்கோட்டையில் பற்றரியையே மாற்றினேன். ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை முடிந்தது. கேர்னலில் கிடைத்ததைவிடப் பல மடங்கு அதில் கிடைத்தது. வேகக் கட்டுப்பாட்டை அன்றே எடுத்துவிட்டேன். மைனஸ் 40 ஐ மட்டும் சூட்டுக்காக அப்படியே விட்டிருக்கிறேன்.